சீல் வைத்த வெறும் தாள்

மெயில் மோசடியைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. பேங்க் வாரம் ஒரு எச்சரிக்கை அனுப்புகிறது. சர்ச் குரூப்பில் தினமும் காலையில் யாராவது ஒரு ஃபார்வர்டு போடுகிறார்கள். தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் பகிருங்கள். பகிர்ந்து பகிர்ந்து எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கும் மனப்பாடம்தான். அப்படி மனப்பாடமாகத் தெரிந்தவள்தான் ஏமாந்தேன், அதுவும் என் காசு ஒரு திர்ஹம்கூடப் போகாமல். காசு போயிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன், இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஷார்ஜாவில் முவைலாவில் எனக்கு ஒரு சின்னத் தையல் கம்பெனி. அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் நர்ஸ். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய், இனி வார்டு டூட்டிக்கு லாயக்கில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு, தெரிந்த உலகத்தை வைத்தே பிழைப்போம் என்று ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்தேன். எந்தப் பாக்கெட்டில் பேனா குத்தும், எந்தக் கழுத்து குனிந்தால் தொங்கும் என்பதெல்லாம் போட்டு உழன்றவளுக்குத்தானே தெரியும். நாலு டெய்லர்கள், ஒரு கட்டிங் மாஸ்டர், நான். மாஸ்டர் சேலத்துக்காரர், என்னைவிட மூத்தவர். என் பழைய வேலையை வைத்து இன்னமும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மெயில் பார்ப்பது, ஃபோன் எடுப்பது, பில் போடுவது, டீ போடுவது எல்லாம் நான்தான். என் வீட்டுக்காரர் அபுதாபிக்கு அந்தப் பக்கம் ஒரு சைட்டில் டெக்னீஷியன், வாரத்துக்கு ஒரு நாள் வருவார்.

மோசடி மெயிலைப் பிடிப்பதில் எனக்கு ஒரு பெயரே இருந்தது. நாங்கள் துணி வாங்கும் துபாய் வியாபாரியிடமிருந்து ஒரு நாள் மெயில் வந்தது. எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று. அவருடைய அதே மெயில் முகவரி, அவர் வழக்கமாக எழுதும் அதே மாதிரி ஆங்கிலம். ஆனால் பத்து வருடமாக மாறாத கணக்கு இப்போது என்னத்துக்கு மாறுகிறது என்று எனக்கு உறுத்தியது. மெயிலில் போட்டிருந்த நம்பருக்கு அடிக்காமல், என் ஃபோனில் பழைய நாளிலிருந்து இருந்த அவருடைய நம்பருக்கு அடித்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எவனோ அவர் மெயிலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு எங்கள் பேச்சையெல்லாம் படித்திருக்கிறான். அவர் நன்றி சொல்லி ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பினார். அந்தக் கதையை நான் இரண்டு மாதம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மற்றதெல்லாம் சில்லறை. பார்சல் நிற்கிறது, இங்கே அழுத்து என்று வரும். லைசென்ஸ் காலாவதி, இன்றே கட்டு என்று வரும். பேங்க் கார்டு முடக்கம் என்று வரும். வந்த கையோடு அழித்துவிடுவேன். காசு கேட்பவன்தான் திருடன், அவ்வளவுதான் என் தலைக்குள் இருந்த சட்டம். காசே கேட்காமல் ஒருவன் வருவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மெயில் வந்தது எனக்கு மிகவும் மோசமான ஒரு மாதத்தில். சீனாவிலிருந்து ரெடிமேடாக இறங்கும் யூனிஃபார்ம் நாங்கள் துணி வாங்கும் விலைக்கே கிடைக்க ஆரம்பித்திருந்தது. நாலு மெஷினில் இரண்டு பாதி நாள் சும்மா இருந்தது. டெய்லர்களில் ஒருவரை ஊருக்கு அனுப்பத்தான் வேண்டுமோ என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டிருந்தது. அப்படி இருக்கும்போது, புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெயரில், ஆயிரத்து இருநூறு செட் ஸ்க்ரப்ஸ் யூனிஃபார்ம் வேண்டும், உங்களை சப்ளையராகப் பதிவு செய்ய விரும்புகிறோம் என்று ஒரு மெயில் வருகிறது. கடவுள்தான் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. டிரேட் லைசென்ஸ், என் பாஸ்போர்ட் காப்பி, எமிரேட்ஸ் ஐ.டி., வரிப் பதிவுச் சான்று. கடைசியாக, எங்கள் கம்பெனி லெட்டர்ஹெட் ஒன்று, எதுவும் எழுதாமல், கையெழுத்தும் சீலும் மட்டும் வைத்து. எங்கள் ஆவணங்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்று காரணமும் எழுதியிருந்தார்கள். இரண்டு நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

வேறு ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால், வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு எந்த முட்டாள் அனுப்புவான் என்று கேட்பார்கள். அவர்களுக்கு இங்கத்து வாழ்க்கை தெரியாது. இங்கே மூச்சு விடுவதற்கே காப்பி கொடுக்க வேண்டும். வைஃபை போட வந்தவன் பாஸ்போர்ட் காப்பி கேட்பான், ஆஸ்பத்திரி கேட்டில் லைசென்ஸ் காப்பி கேட்பார்கள், சீல் இல்லாத தாளைக் கையில் வாங்கவே மாட்டார்கள். அரசு அலுவலக வேலைகளுக்கு எங்களுக்கு ஒரு பி.ஆர்.ஓ. உண்டு, மலையாளி, எங்களை மாதிரி ஏழெட்டுச் சின்னக் கம்பெனிகளுக்கு அவர் ஒருவரேதான் ஓடுவார். ஒவ்வொரு கடிதத்துக்கும் என்னைத் தேடி முவைலா வரை வர அவருக்கு நேரம் கிடையாது. அதனால் மாதம் பிறந்ததும் நான் ஐந்தாறு லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, மேஜை டிராயரில் வைத்துவிடுவேன். அவர் வரும்போது எடுத்துப் போவார், வேண்டியதை அவரே டைப் அடித்துக்கொள்வார். எனக்குத் தெரிந்த சின்னக் கம்பெனிகளில் பாதிப்பேர் இப்படித்தான் செய்கிறார்கள். பெரிய தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஆகவே அந்த மெயிலைப் பார்த்ததும் என் கை தானாக டிராயருக்குப் போனது. தாள் தயாராகவே இருந்தது. ஸ்கேன் செய்து அனுப்ப நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஃபோனில் சொன்னேன்.

"ஒன்னைய யாருன்னே தெரியாம ஆயிரத்து எரநூறு செட்டு தூக்கிக் குடுக்கானா?" என்றார்.

"நான் நல்லா தைப்பேன்னு எவனுக்காவது தெரிஞ்சிருக்கும்லா. ஒங்களுக்குத்தான் இன்னும் தெரியல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்கு மட்டும் கோபம் அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகு அங்கிருந்து பதிலே இல்லை. நான் இரண்டு தடவை நினைவூட்டி எழுதினேன். சரி, வேறு யாருக்கோ போய்விட்டது என்று விட்டுவிட்டேன். இப்போது அந்த மெயிலை எடுத்துப் பார்த்தால் எல்லாமே பல்லை இளித்துக்கொண்டு தெரிகிறது. முன்னால் ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கிறது, ஆனால் வந்திருப்பது யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கிற ஒரு முகவரியிலிருந்து. பேசுவதற்கு ஒரு மனுஷன் பெயரோ நம்பரோ இல்லை. இரண்டே நாள் கெடு. இதையெல்லாம்கூட விடுங்கள். ஆயிரத்து இருநூறு செட் வேண்டும் என்கிறவன் துணி சாம்பிள் கேட்கவில்லை. பத்து செட் வாங்குகிற கிளினிக்கில்கூட நர்சிங் சூப்பர்வைசர் துணியைக் கசக்கிப் பார்த்து, தண்ணீரில் நனைத்துப் பார்த்துத்தான் பேசவே ஆரம்பிப்பார். தொட்டுப் பார்க்காமல் யூனிஃபார்ம் வாங்கும் ஆஸ்பத்திரியை நான் என் ஆயுசில் கண்டதில்லை. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, நான் கடையைத் திறக்க வரும்போது ஒருவர் வாசலில் பையோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"வணக்கம் மேடம். ஒம்பது மணிக்கு மேல வரச் சொன்னீங்க. ஜாயின் பண்ண வந்துருக்கேன்" என்றார்.

நான் எதில் ஜாயின் பண்ண என்று கேட்டேன். அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். எங்கள் லெட்டர்ஹெட். புரொடக்ஷன் சூப்பர்வைசர் வேலைக்கு ஆஃபர் லெட்டர். சம்பளம், சாப்பாடு, ரூம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை டிக்கெட் என்று எல்லாம் அழகாக அடித்திருந்தது. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் எங்கள் சீல். அந்த சீலின் ரப்பர் ஒரு ஓரம் தேய்ந்துபோய், இடது பக்கம் எப்போதும் மங்கலாகத்தான் விழும். அந்தத் தாளிலும் இடது பக்கம் மங்கலாக இருந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அது என் பிறவிக் குணம். "இத யாரு ஒமக்குக் குடுத்தா? எவ்வளவு குடுத்து வாங்கினீரு? என் கையெழுத்த வச்சு என்னைய உள்ள தள்ளப் பாக்கியளா?" என்று தெருவிலேயே கத்தினேன். பக்கத்து மளிகைக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அந்த மனிதர் ஒரு அடிகூட நகரவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே பாதியில் நின்றிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மாஸ்டர்தான் அவரை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து டீ கொடுத்தார். மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அவர் சிவகங்கைப் பக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஃபோனில் ஒரு விளம்பரம் பார்த்து மெயில் அனுப்பியிருக்கிறார். நாலு நாளில் இந்த லெட்டர் வந்திருக்கிறது. விசிட் விசாவில் வாருங்கள், இங்கே வந்ததும் கம்பெனி விசாவுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லி, அந்தச் செலவு இந்தச் செலவு என்று வாங்கியிருக்கிறார்கள். எவ்வளவு என்று நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை. இங்கே நிஜமான ஆஃபர் லெட்டர் என்றால் தொழிலாளர் அமைச்சகத்தின் வழியாகத்தான் வரும், அதில் ஒரு நம்பரும் பார்கோடும் இருக்கும், இணையத்தில் போட்டுப் பார்த்தால் உண்மையா பொய்யா தெரிந்துவிடும். இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

"ஒரு தடவ விசாரிச்சிருக்கலாமே தம்பி" என்றார் மாஸ்டர், குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல்தான்.

"விசாரிச்சேனேங்க" என்றார் அவர். என்னைப் பார்த்தார். "மேடத்துக்கிட்டதான் பேசுனேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். மெயில் அனுப்பியவர்கள், ஆஃபீஸ் நம்பருக்கு அடிக்காதே, ஹெச்.ஆர். நம்பருக்கு மட்டும் பேசு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனிக்கே பேசினால்தான் ஆச்சு என்று நின்றிருக்கிறாள். இவர் கம்பெனிப் பெயரை மேப்பில் தேடி, அங்கே இருந்த நம்பரும் லெட்டர்ஹெட்டில் இருந்த நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு அடித்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனிதானன்னு கேட்டேன். ஆமான்னீங்க. முவைலாலதானன்னு கேட்டேன். ஆமான்னீங்க. திங்கக்கெழம வந்துரவான்னு கேட்டேன். ஒம்பது மணிக்கு மேல வாங்க, தாராளமா வாங்கன்னீங்க. தமிழ்ல பேசுனீங்க. அதான் மேடம் எங்களுக்குத் தெம்பா இருந்துச்சு."

எனக்கு அந்த ஃபோன் நினைவே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஃபோன் வரும். அளவு கொடுக்க வருகிறேன், மாதிரி பார்க்க வருகிறேன் என்பார்கள். எல்லாரிடமும் நான் சொல்வது இதேதான், ஒன்பது மணிக்கு மேல் வாங்க, தாராளமா வாங்க. பில்லைப் பார்த்துக்கொண்டோ, துணியை மடித்துக்கொண்டோ, யார் என்று கேட்காமலே சொல்வேன். என் ஃபோனை எடுத்துத் தேடினேன். போன வியாழக்கிழமை மத்தியானம், இந்தியா நம்பர், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே பேசியிருக்கிறேன். யாருங்க, என்ன விஷயமா வர்றீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவர் ஃபிளைட் ஏறியிருக்க மாட்டார்.

எது செய்ய வேண்டும் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதை இந்த மனிதர் ஒன்றுவிடாமல் செய்திருந்தார். அவர்கள் கொடுத்த நம்பரை நம்பாமல், தனியாகத் தேடிக் கண்டுபிடித்த நம்பருக்குப் பேசியிருக்கிறார். ஃபோனை எடுத்துப் பேசியவள்தான் சரியில்லை.

அடுத்த சில நாள் நான் செய்ததெல்லாம் செய்ய வேண்டியதுதான். போலீஸுக்கு இணையத்தில் புகார் கொடுத்தேன், பிறகு நேரிலும் போனேன். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். சீலை நீங்களேவா அனுப்பினீர்கள் என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்தும்? ஆமாம். எழுதிக்கொண்டு, என்னைப் பார்த்து, உடனே சீலை மாற்றுங்கள், பேங்குக்கும் தெரியப்படுத்துங்கள் என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புது சீல் செய்தேன், வட்டத்துக்குப் பதில் நீள்சதுரமாக. டிராயரில் இருந்த வெறும் தாள்களைக் கிழித்துப்போட்டேன். பி.ஆர்.ஓ. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார். "அப்போ ஓரோ லெட்டருக்கும் ஞான் வரணுமோ சிஸ்டர்?" என்றார். வாங்க, டீ தர்றேன் என்றேன். அதே வாரம் ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் ஃபோன் செய்தார்கள். இந்தத் தடவை யார், எதற்கு என்று கேட்டேன். வராதீர்கள், அது பொய் என்று சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர், நானே ஏமாற்றிவிட்டு நாடகம் ஆடுகிறேன் என்று கெட்ட வார்த்தையில் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

சிவகங்கைக்காரருக்கு ரிட்டர்ன் டிக்கெட் மூன்றாவது வாரம். மாற்ற முடியாத மலிவு டிக்கெட். அதுவரை எங்கள் டெய்லர்களின் ரூமிலேயே ஒரு கட்டில் காலியாக இருந்தது, அங்கே தங்கினார். அவருக்கு வேலை கொடுத்திருக்கலாமே என்று பிறகு என்னிடம் சொன்னவர்கள் உண்டு. சொல்வது சுலபம். இருக்கிற நாலு பேருக்கே என்னிடம் வேலை இல்லை. இவருக்கு விசா அடித்தால் அவர்களில் ஒருவரை அனுப்ப வேண்டும், பதினோரு வருடம் எனக்காக மெஷின் மிதித்தவரை. வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். "பாவந்தான். ஆனா நீ எத்தன பேருக்குப் பாவம் பாப்ப?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது.

விசிட் விசாவில் இருப்பவர் மெஷினில் கை வைத்தால் கம்பெனியையே மூடுகிற அளவுக்கு அபராதம். அதனால் அவரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ரூமில் தனியாக உட்கார முடியாமல் பகலில் கடைக்கு வந்து ஒரு ஸ்டூலில் இருப்பார். கையை மடியில் வைத்துக்கொண்டு மெஷின்களையே பார்ப்பார். ஒரு நாள் மாஸ்டரிடம் தயங்கித் தயங்கி, "பாக்கெட்ட அரை இஞ்சு உள்ள தள்ளி வெட்டுனா பக்கத் தையல் இழுக்காதுல்லங்க" என்றார். மாஸ்டர் ஒரு செட் அப்படி வெட்டிப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்த இழுப்போடுதான் தைத்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் என்னிடம் வந்து, "நல்ல கை சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போதும் நாங்கள் பாக்கெட்டை அப்படித்தான் வெட்டுகிறோம்.

அவருக்கு இது முதல் தடவை இல்லை என்பதையும் அந்த நாட்களில்தான் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன் ரியாத்தில் பத்தா என்கிற கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்குப் போயிருக்கிறார். ஏழாவது மாதம், விசா கொடுத்த முதலாளி, கஃபீல் என்பார்கள், கடையை மூடிவிட்டார், எல்லாரையும் அனுப்பிவிட்டார். இவர் ஊருக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. வேலை செய்ய உடம்பு வணங்காமல் ஓடி வந்துவிட்டான் என்று பேச்சு. மாமனார் வீட்டில் அந்தப் பேச்சு இன்னமும் ஓயவில்லையாம்.

"அப்பவும் நெசந்தான் மேடம் சொன்னேன்" என்றார். "இப்பவும் போயி நெசந்தான் சொல்லப் போறேன். வேல இருந்துச்சு, இவன்தான் இருக்க மாட்டாம வந்துட்டான்னுதான் சொல்லுவாக. காசு போனதக்கூட ஒழச்சுக் கட்டிருவேன். இதத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல."

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் ஃபைலின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஒரு லெட்டர் எழுதிக் குடுப்பீங்களா மேடம்? அந்த ஆஃபர் பொய்யின்னு. ஒங்க கம்பெனி தாள்லயே. வீட்ல காட்டுறதுக்கு."

இதையாவது செய்ய முடிகிறதே என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே உட்கார்ந்து தமிழில் அடித்தேன். இவர் எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர வந்தது உண்மை. அவரிடம் இருந்த ஆஃபர் லெட்டர் எங்கள் கையெழுத்தையும் சீலையும் திருடிச் செய்த போலி. அவர் வேலையை விட்டு ஓடவில்லை, அவருக்கு வேலையே கொடுக்கப்படவில்லை. இங்கே இருந்த நாட்களில் அவர் நடத்தை மிக நல்ல விதமாக இருந்தது. போலீஸ் புகார் எண்ணையும் சேர்த்தேன். ஏமாந்ததில் எங்கள் கவனக்குறைவும் உண்டு என்று ஒரு வரி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கையெழுத்துப் போட்டு, புது சீலைக் குத்தினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது. வீட்டுக்கு இப்போதே காட்டிவிடலாமா என்று கேட்டு வீடியோ காலில் அடித்தார். அவர் மனைவி வந்தாள். மெலிந்த முகம், தலையில் துண்டு கட்டியிருந்தாள், ஏதோ வேலையின் நடுவில் எடுத்திருக்கிறாள். இவர் ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் யார் என்று சொல்லி, லெட்டரை மெதுவாக வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் லெட்டரைக் கிட்டக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அதுலயும் இப்படித்தான் சீலு இருந்துச்சு" என்றாள்.

"இது புது சீலும்மா. அது வட்டமா இருக்கும், இது வேற" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பதில் என்று எனக்கே பட்டது.

"அன்னைக்கு ஃபோன்ல வாங்கன்னு சொன்னது நீங்கதானக்கா?"

"நாந்தாம்மா. ஆனா நான் வேற யாரோன்னு நெனச்சு..."

"இப்ப எல்லாம் பொய்யின்னு சொல்றதும் நீங்கதான்."

அவள் சண்டை போடவில்லை. குரல்கூட உயரவில்லை. நாள் முழுக்க வேலை செய்து களைத்தவள், எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி பேசினாள். நான் என்னவெல்லாமோ சொன்னேன். மெயில் வந்தது, தாள் அனுப்பியது, போலீஸ், எல்லாம். எனக்கே நான் சொல்வது கதை கட்டுவது போல் கேட்டது. கடைசியில் தாங்க முடியாமல், "என்னைய நம்ப வேண்டாம்மா. நான் யாரோ. ஒன் வீட்டுக்காரர நம்பு. அவர் மேல ஒரு தப்பும் கெடையாது, அவர் சொல்றது அத்தனையும் உண்மை" என்றேன்.

"அவுகள நம்பி நான் அனுப்பலக்கா" என்றாள். "ரியாத்துல இருந்து வந்தப்பவே அது போச்சு. ஒங்க கொரலக் கேட்டுத்தான் அனுப்புனேன்."

அவர் என் பின்னால்தான் நின்றிருந்தார்.